கடைக்காரர் 12 பெட்டி, மேஸ்திரி 15 பெட்டி: ஹாலுக்கு எத்தனை டைல்ஸ் வாங்குவது?

கேள்வி இதுதான்: ஹால், பூச்சு வேலை முடிந்த நிலையில், அகலம் 11 அடி 4 இஞ்ச், நீளம் 16 அடி 2 இஞ்ச். 2க்கு 2 வைட்ரிஃபைட் டைல்ஸ் போடப் போகிறோம். வாசல் கதவு மூன்றரை அடி, படுக்கையறைக் கதவுகள் இரண்டும் மூன்று மூன்று அடி, சமையலறைக்குப் போகும் திறப்பு 4 அடி. கடைக்காரர் 12 பெட்டி போதும் என்கிறார். டைல்ஸ் ஒட்ட வருகிற மேஸ்திரி 15 பெட்டி கேட்கிறார். இதில் யார் ஏமாற்றுகிறார்?

யாரும் ஏமாற்றவில்லை. கடைக்காரர் பரப்பளவை வகுத்திருக்கிறார். மேஸ்திரி கல்லை எண்ணியிருக்கிறார். (வேலை செய்கிற இடத்தில் டைல்ஸையும் நாங்கள் கல் என்றுதான் சொல்வோம்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) கட்டட மேற்பார்வையில் இருபது வருடமாக இந்தப் பஞ்சாயத்தைப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் மேஸ்திரியின் கணக்குதான் தரைக்குக் கிட்டத்தில் வரும். ஆனால் அவர் அதை விளக்கிச் சொல்லமாட்டார், "போட்டுப் போட்டு பழக்கம் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால்தான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருகிறது.

முதலில் கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். உங்கள் ஹாலின் பரப்பு 183 சதுர அடி. ஒரு பெட்டியில் 4 கல். "2க்கு 2, நாலு சதுர அடி, நாலு கல்லு, பதினாறு சதுர அடி" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். 183ஐ 16ஆல் வகுத்தால் பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. முழுசாக்கினால் 12 பெட்டி.

இதில் முதல் ஓட்டை, 2க்கு 2 என்று விற்கிற கல் உண்மையில் இரண்டு அடி கிடையாது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பாருங்கள், 600க்கு 600 மி.மீ. என்று அச்சடித்திருக்கும். இரண்டு அடி என்றால் 609.6 மி.மீ. ஆக ஒரு கல் 4 சதுர அடி இல்லை, 3.875தான். பெட்டிக்கு 16 இல்லை, 15.5 சதுர அடி. பெட்டியிலேயே 1.44 சதுர மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அதை 10.764ஆல் பெருக்கினால் இதே 15.5 வரும். உங்கள் ஹாலுக்கு இந்தத் திருத்தத்தால் எண்ணிக்கை மாறவில்லை, 11.8 வந்து அதுவும் 12 பெட்டியில்தான் முடிகிறது. ஆனால் வீடு முழுக்க ஆயிரம் சதுர அடி போடுகிறவருக்கு இரண்டு பெட்டி குறையும். பில்லிலும் இதைக் கவனியுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டு, பெட்டியை 16 அடியாகக் கணக்குப் போட்டால் பெட்டிக்கு அரை சதுர அடி காசு கூடப் போகிறது. 60 ரூபாய் கல் என்றால் 15 பெட்டிக்கு 450 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். நான் கேட்டுவிடுவேன்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தரையில் போடுவது சதுர அடியை அல்ல, கல்லை. சுவர் ஓரத்தில் 35 செ.மீ. இடம் இருந்தால், ஒரு முழுக்கல்லை எடுத்து 35க்கு வெட்டுவார்கள். மிச்சம் 25 செ.மீ. துண்டு. அது இன்னொரு 35 செ.மீ. இடத்துக்கு ஆகாது. பரப்பளவுக் கணக்கோ, அந்த 25 செ.மீ. துண்டும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நம்புகிறது.

சரி, இப்போது உங்கள் ஹாலில் கல்லை எண்ணுவோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கணக்குக் கட்டம் போட்ட நோட்டு இருந்தால் இன்னும் நல்லது.

அகலம் 3454 மி.மீ., நீளம் 4928 மி.மீ. வைட்ரிஃபைட் கல்லைச் சுவரோடு இடித்து ஒட்டக் கூடாது, நாலு பக்கமும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அது ஸ்கர்ட்டிங்குக்குள், அதாவது சுவரின் அடியில் சுற்றி ஒட்டுகிற பட்டைக்குள், மறைந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி நிற்க ஸ்பேசர் என்கிற சின்னத் துண்டு வைக்கவேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நெருக்கி ஒட்டிய தரைதான் ரெண்டு மூன்று கோடை போனதும் நடு ஹாலில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்கிறது. சுவரோரம் பக்கத்துக்கு 8 மி.மீ. விட்டால் நமக்குக் கிடைப்பது அகலத்தில் 3438, நீளத்தில் 4912 மி.மீ.

அகலத்தில் 5 முழுக்கல் போக, 42.8 செ.மீ. மிச்சம். நீளத்தில் 8 முழுக்கல் போக, 9.6 செ.மீ. மிச்சம். இஞ்சில் சொன்னால் மூணே முக்கால்.

இங்கேதான் முடிவெடுக்கவேண்டும். முதல் வழி, வாசல் பக்கம் முழுக்கல்லில் தொடங்கி, அந்த மூணே முக்கால் இஞ்ச் பட்டையைக் கடைசிச் சுவரோரம் தள்ளிவிடுவது. இரண்டாவது வழி, நீளத்தில் ஒரு முழு வரிசையைக் குறைத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் சமமாக வெட்டுக்கல் வைப்பது. பட்டை அசிங்கமாகத் தெரியும் என்று நினைக்கிற மேஸ்திரி இரண்டாவதைத்தான் செய்வார்.

முதல் வழிக்கு எத்தனை கல்? முழுக்கல் 5க்கு 8, மொத்தம் 40. அகலத்தின் ஓரத்தில் 42.8 செ.மீ. துண்டு 8 வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் போகும், அது 8. வெட்டும்போது கத்தி தின்றது போக, ஒவ்வொரு கல்லிலும் 17 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த பட்டை மிஞ்சும். நீளத்தின் கடைசியில் 9.6 செ.மீ. பட்டை 5ம், மூலைக்கு ஒரு சின்னத் துண்டும் வேண்டும். அந்த ஆறையும் இந்த மிச்சப் பட்டைகளிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். மொத்தம் 48. சரியாக 12 பெட்டி! கடைக்காரர் சொன்ன எண்ணிக்கை. ஆனால் இது ஒரு கல்கூட உடையாமல், ஸ்கர்ட்டிங் எதுவும் போடாமல், நாளைக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்காமல்.

இரண்டாவது வழியில் நீளத்துக்கு 7 முழு வரிசை, இரண்டு முனையிலும் 34.8 செ.மீ. வெட்டுக்கல். முழுக்கல் 35. முனை வரிசைகளுக்கு 5ம் 5ம் 10. அகலத்தின் ஓரத்துண்டு 7. மூலைத் துண்டு 2. ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்கு ஆகாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக்கல். கூட்டினால் 54. அதே அறை, அதே கல், எங்கே தொடங்குகிறோம் என்பதை மாற்றியதில் ஆறு கல் கூடிவிட்டது.

இனி ஸ்கர்ட்டிங். கடைக்காரர் இதைக் கேட்பதே இல்லை, வீட்டுக்காரரும் மறந்துவிடுவார். ஹாலின் சுற்றளவு 55 அடி. கதவுகளும் திறப்பும் சேர்ந்து பதிமூன்றரை அடி. கழித்தால் நாற்பத்தொன்றரை அடி, அதாவது 12.65 மீட்டர். ஒரு பட்டை 60 செ.மீ. நீளம், 22 பட்டை வேண்டும். ஒரு கல்லை எத்தனை பட்டையாக வெட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலு இஞ்ச் உயரம் என்று சொன்னால் 5 பட்டைதான் வரும். கத்தி ஒவ்வொரு வெட்டிலும் 2, 3 மி.மீ. தின்றுவிடுவதால் ஆறாவது சிறுத்துப்போகும். மூணே முக்கால் இஞ்ச், அதாவது 95 மி.மீ. போதும் என்று சொல்லிப்பாருங்கள், 6 வரும். கால் இஞ்ச் உயரக் குறைவை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

முதல் வழியில் மிச்சப் பட்டை இரண்டுதான் கையில் இருக்கும். மீதி 20 பட்டைக்கு 4 கல். 48ம் 4ம் 52. இரண்டாவது வழியில் வேடிக்கையைப் பாருங்கள். முனை வரிசைக் கற்களில் மிஞ்சிய 25 செ.மீ. துண்டு 10 இருக்கிறது; ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை எடுக்கலாம், அது 20. ஓரத்துண்டில் மிஞ்சிய 17 செ.மீ. பட்டை 7. மொத்தம் 27. தேவை 22. ஆக ஸ்கர்ட்டிங்குக்குப் புதுக்கல் ஒன்றுகூட உடைக்கவேண்டாம். 54 என்பது 54ஆகவே நிற்கும்.

ஒரே ஒரு விஷயம். பட்டையின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். கம்பெனி விளிம்பு இருக்கிற பக்கத்தை மேலே வைத்து, வெட்டிய பக்கத்தைத் தரையில் வைப்பார்கள். இரண்டு பக்கமும் வெட்டிய பட்டை என்றால் மேல் விளிம்பை மெஷினில் தேய்த்துக் கொடுக்கவேண்டும். முன்கூட்டியே பேசிவிடுங்கள்; வேலை முடிகிற அன்றைக்குப் பேசினால், "ஸ்கர்ட்டிங்குக்குத் தனியா ரெண்டு பாக்ஸ் வாங்குங்க சார்" என்றுதான் பதில் வரும். வெட்டு மிச்சத்தையெல்லாம் சாயங்காலம் கூட்டி அள்ளி ரப்பிஷோடு போட்டுவிடுகிற ஆட்களும் உண்டு. முதல் நாளே ஒரு மூலையைக் காட்டி, 15 செ.மீ.க்கு மேல் இருக்கிற துண்டெல்லாம் இங்கே சாய்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பெட்டி மிச்சம்.

உடைசலுக்கு இரண்டு கல் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைக்க நான்கு கல். இந்த நான்கை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், காரணம் கீழே சொல்கிறேன். இரண்டாவது வழிக்கு 54, 2, 4 சேர்த்தால் 60. சரியாக 15 பெட்டி. உங்கள் மேஸ்திரி கேட்டதும் அதுதான். மனிதர் வரிசையை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். முதல் வழிக்கு 52ம் 2ம் 54. 14 பெட்டி வாங்கினால் எடுத்து வைக்க இரண்டு கல் மிஞ்சும். 12 பெட்டி எந்த வழியிலும் பற்றாது.

எது நல்லது என்று கேட்டால், நீளத்தின் கடைசிச் சுவரில் என்ன வரப்போகிறது என்று பாருங்கள். அங்கே தரைவரை இறங்கும் டி.வி. யூனிட்டோ, எப்போதும் நகர்த்தாத சோபாவோ வந்தால் மூணே முக்கால் இஞ்ச் பட்டை அதன் அடியில் போய்விடும். வாசலில் முழுக்கல் கிடைக்கிறது, ஒரு பெட்டி காசும் மிச்சம். அந்தச் சுவர் வெறுமையாக, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாக இருந்தால் 15 பெட்டி வாங்கி இருபுறமும் சமமாக வெட்டுங்கள். அகலத்தில் வரும் 42.8 செ.மீ. துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பாதிக்கல்லுக்கு மேல் இருக்கிற துண்டு ஒரு பக்கமாக நின்றால் கண்ணை உறுத்தாது. பாதிக்குக் கீழே போனால்தான் யோசிக்கவேண்டும்.

"பத்து சதவீதம் கூட வாங்கினால் போதும் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். உங்கள் ஹாலிலேயே போட்டுப் பாருங்கள். 183 சதுர அடிக்கு 47.3 கல். பத்து சதவீதம் சேர்த்தால் 52, அதாவது 13 பெட்டி. ஸ்கர்ட்டிங் பரப்பையும் சேர்த்துப் பத்து சதவீதம் போட்டால் 14 பெட்டி வரும்; அது முதல் வழிக்குத் தற்செயலாகப் பொருந்துகிறது. சதவீதக் கணக்கு எப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். வீடு முழுக்க ஒரே கல் போடும்போது ஒரு அறையின் மிச்சம் இன்னொரு அறைக்குப் போவதால் ஓரளவு சரியாகவே வரும். ஒற்றை அறைக்குத்தான் அது குருட்டடி. உங்கள் சுவர் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

சுவர் எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு அறையை வைத்துக் காட்டுகிறேன். பிளானில் 10க்கு 12 என்று போட்டிருக்கும் படுக்கையறை. செங்கல்லுக்குச் செங்கல் அளவு அது. இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பூச்சு ஏறினால் உள்ளே 9 அடி 11 இஞ்சும் 11 அடி 11 இஞ்சும் நிற்கும். இந்த அறையில் 5 கல் ஒரு பக்கம், 6 கல் மறுபக்கம் வைத்தால், சுவரோரம் அகலத்தில் 7 மி.மீ., நீளத்தில் 11 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். ஸ்கர்ட்டிங் கல்லின் கனமே ஏறக்குறைய 9 மி.மீ., பின்னால் பசை 3 மி.மீ.; அதுவே இடைவெளியை மூடிவிடும். தரைக்கு 30 கல், ஒரு வெட்டுகூட இல்லை. மேஸ்திரிகளுக்கு 10க்கு 12 ரூம் என்றால் முகம் மலர்வது இதனால்தான். இதே அறை இரண்டு பக்கமும் நாலு நாலு இஞ்ச் கூடி 10 அடி 3 இஞ்சும் 12 அடி 3 இஞ்சுமாக இருந்தால்? பரப்புக் கணக்கில் 33 கல். நடுவில் வைத்து இருபுறமும் சமமாக வெட்டினால் 6க்கு 7, அதாவது 42 கல். சுவர் இன்னும் எழும்பாத வீடாக இருந்தால் இதை இன்ஜினியரிடம் இப்போதே பேசுவதில் தப்பே இல்லை. கட்டிய பிறகு பேசி என்ன பயன்?

அளக்கும்போது பிளானைப் பார்த்து எழுதாதீர்கள். பூச்சு முடிந்த சுவரிலிருந்து சுவருக்கு டேப் பிடியுங்கள். ஒரே இடத்தில் அல்ல, இரண்டு முனையிலும் நடுவிலும், மூன்று இடத்தில். தரையை ஒட்டிப் பிடிக்கவேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் சுவரின் சாய்வு உங்களை ஏமாற்றும். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை மூலைமட்டம், அதாவது மூலைகள் கோணாமல் நேராக இருக்கின்றன. அரை இஞ்ச் வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு இஞ்ச் வந்தால் ஓரத்துண்டு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வரும். துண்டுக்குத் துண்டு அளவு மாறும், உடைசலும் கூடும். அந்த அறைக்கு இரண்டு கல் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் மூலைமட்டமான அறையைப் பார்ப்பதே அபூர்வம்.

தூண் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பரப்பைக் கழிக்காதீர்கள். அங்கே கல்லை எல் வடிவில் வெட்டவேண்டும். ஒரு முழுக்கல் போவதோடு, எல் வெட்டில் கல் விரிசல் விடுகிற வாய்ப்பும் அதிகம். சுவரோடு கட்டிய அலமாரிக்கு அடியில் தரை போடவில்லை என்றால் மட்டும் கழிக்கலாம். உங்கள் சமையலறைத் திறப்பில் சுவரின் கனத்துக்கு 4 அடி நீளத் துண்டு ஒன்று வரும். அங்கே கிரானைட் பட்டை வைத்துவிட்டால் கல் கணக்கில் சேராது. அதே டைல்ஸ்தான் என்றால் இரண்டு கல் சேருங்கள்.

குளியலறைச் சுவர் வேறு கதை. பரப்பு சின்னது, வெட்டு அதிகம். 5க்கு 7 அடி அறை, 600க்கு 300 கல், படுக்கை வாக்கில் என்று வைத்துக்கொள்வோம். 5 அடிச் சுவரில் 2 முழுக்கல் போக 32 செ.மீ. மிஞ்சும். பாதிக்கல் 30 செ.மீ. ஒரு கல்லிலிருந்து 32 செ.மீ. துண்டு ஒன்றுதான் எடுக்கலாம், வரிசைக்கு 3 கல். அதே சுவர் பூச்சு முடிந்து 4 அடி 11 இஞ்சில் நின்றிருந்தால் மிஞ்சுவது 29.5 செ.மீ.; ஒரு கல்லில் இரண்டு துண்டு, வரிசைக்கு இரண்டரைக் கல். எதிரெதிர் இரண்டு சுவர், ஏழு வரிசை என்றால், ஒரு இஞ்சுக்காக 7 கல். அதனால் குளியலறைக்கு நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஓரத்துண்டு பாதிக்கல்லுக்கு உள்ளேயா, வெளியேயா?

உயரத்தையும் அடியில் சொல்லாதீர்கள், வரிசையில் சொல்லுங்கள். "ஏழு அடி உயரம்" என்றால் ஏழு வரிசைக்கு மேல் 2 செ.மீ. இடம் மிஞ்சும். அதற்கு நூல் மாதிரி ஒரு பட்டை வெட்டி ஒட்டிவைப்பார்கள், ஆயுசுக்கும் அது கண்ணில் படும். "ஏழு வரிசை" என்று சொல்லிவிட்டால் பூச்சை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். டார்க், லைட், நடுவில் டிசைனுக்கு வைக்கிற ஹைலைட்டர் என்று மூன்று விதம் வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரிசை போட்டு எண்ணவேண்டும். டார்க்கில் மிஞ்சியது லைட்டுக்கு ஆகாது. சுவர்க் கல் பெட்டியில் எத்தனை இருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். தரைக்கு 1க்கு 1 கல் என்றால் வாட்டம் கொடுக்கும்போது தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றிக் குறுக்குவெட்டு வரும், நாலு கல் கூட.

2க்கு 4 கல் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பெட்டிக்கு 2 கல், அதே 15.5 சதுர அடி. கணக்கு முறையும் இதேதான். ஆனால் ஒரு கல் உடைந்தால் அரைப் பெட்டி போயிற்று என்று அர்த்தம். குறுக்காக, வைர வடிவில் போடுகிற ஆசை இருந்தால் சுவரோரம் முழுக்க முக்கோண வெட்டு. அங்கே மட்டும் நானும் சதவீதத்துக்குப் போய்விடுவேன், பதினைந்து.

இப்போது அந்த நான்கு கல்லுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் கவனித்த வீடுகளில் ஒன்று. ஐவரி நிறக் கல், படுக்கையறையில் மூன்று கல் குறைந்துவிட்டது. எண்ணியது நான்தான். ஸ்கர்ட்டிங்கை மறந்திருந்தேன். அதே கடையில், அதே டிசைன் நம்பர் சொல்லி ஒரு பெட்டி எடுத்துவந்தோம். காலையில் ஒட்டும்போது ஒரே மாதிரிதான் இருந்தது. நாலு மணி வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து தரையில் விழுந்தபோது பார்த்தால், அந்த மூன்று கல் மட்டும் லேசாக மஞ்சள் ஓடி, மூன்று தாளைத் தரையில் போட்டுவைத்த மாதிரி தனியாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் எங்கே வரும் என்று மட்டும் கேட்டார். கட்டில் அங்கே வந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த அறைக்குள் போகவே கூச்சம்.

காரணம் எளிது. நம் ஊரில் விற்கிற கல்லில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறது. ஒரே டிசைனை இன்றைக்கு ஓட்டுவார்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஓட்டுவார்கள். மண் கலவையிலும் சூளைச் சூட்டிலும் சின்ன மாற்றம் வந்தாலும் நிறம் ஒரு சாயல் தள்ளிப்போகும். சுட்டபின் அளவிலும் ஒரு மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். அப்போது நூல் பிடித்த மாதிரி வரவேண்டிய இடைவெளிக் கோடு போகப்போகக் கோணும். அதனால்தான் பெட்டியில் பேட்ச் நம்பரும் ஷேட் நம்பரும் போடுகிறார்கள். பெட்டிகள் லாரியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் அந்த நம்பரைப் படியுங்கள். 15 பெட்டியில் 13 ஒரு பேட்ச்சாகவும் 2 வேறாகவும் கலந்து வருவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அப்படி வந்தால் ஒட்டுவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளவேண்டும். ஒட்டிய பிறகு எந்தக் கடையும் பேசாது.

இதே காரணத்துக்காக, "இப்போதைக்கு 12 பெட்டி எடுத்துப் போங்க, பத்தலைன்னா வந்து வாங்கிக்கலாம்" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். கூடவே வாங்கி, மிஞ்சினால் திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. அதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு, எத்தனை நாளுக்குள் என்பதையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் வேலை வேகத்தில் எல்லாப் பெட்டியையும் ஒரேயடியாகப் பிரித்துப் போடுவார்கள். கடைசி இரண்டு பெட்டியைத் தனியே வைத்து, கேட்டபின் பிரியுங்கள் என்று சொல்லிவையுங்கள். ஒரு பெட்டி ஏறக்குறைய 28 கிலோ வரும். மாடிக்கு ஏற்றுக்கூலி உண்டென்றால், திருப்பப் போகிற பெட்டியைக் கீழேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சுவரில் சாய்த்து அடுக்குங்கள்.

வாங்குவதற்கு முந்தின நாள் மேஸ்திரியை ஹாலில் நிற்க வைத்து, எந்தப் பக்கம் முழுக்கல்லில் தொடங்குவார், வெட்டு எந்தச் சுவரில் வரும் என்று கேளுங்கள். சாக்பீஸால் தரையில் இரண்டு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அவர் மூணே முக்கால் இஞ்ச் பட்டை போதும் என்றால் 14 பெட்டி, இரண்டு பக்கமும் சமமாக வெட்டப்போகிறேன் என்றால் 15. அதைக் கேட்காமல் நான் இங்கிருந்து சொல்கிற எண்ணும், கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிச் சொல்கிற எண்ணும் ஒன்றுதான்.

மிஞ்சிய நான்கு கல்லைப் பரணில் ஏற்றும்போது, அட்டைப்பெட்டியில் பேட்ச் நம்பர் இருக்கிற பக்கத்தைக் கிழித்து அவற்றோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து, ஹாலுக்கு அடியில் போகிற பைப் கசிந்து ஒரு கல்லைப் பெயர்க்கவேண்டி வந்தால், பிளம்பர் ஒன்றை உடைப்பதற்குள் பக்கத்துக் கல்லிலும் விரிசல் விட்டுவிடுவார். அன்றைக்கு அந்த டிசைன் எந்தக் கடையிலும் இருக்காது.